நகராத நீலப் புள்ளி

இலையில் சொதியை ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன் – நீலப் புள்ளி நகரவில்லை.

போன வாரம் சேரன்மகாதேவியில் ஒரு மறுவீட்டு விருந்து. கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தால்கூட மன்னிப்பு உண்டு. மறுவீட்டுச் சொதிக்குப் போகாதவன் தன்னைத் திருநெல்வேலிக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தேங்காய்ப்பாலில் காய்கறி, மேலே எலுமிச்சை, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி... நானும் என் மனைவி கிரேஸும் பாளையங்கோட்டையிலிருந்து இதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தோம். ஆனால் என் கண் இலையில் இல்லை. இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்த போனில் இருந்தது.

எங்கள் ஒரே மகள் ஷெரின் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறாள். கன்னியாகுமரியில் ஆரம்பித்து லடாக் வரைக்கும். தனியாக.

ஏன்யா அனுமதித்தாய் என்று கேட்கிறீர்களா? அனுமதி கேட்டால்தானே கொடுப்பதற்கும் மறுப்பதற்கும். எங்களுக்குத் தகவல்தான் வந்தது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஒருவர் வெளியூர் கிளம்பினால், வழியில் நமக்கு யார் யார் இருக்கிறார்கள் என்று யோசிப்போம். பிறகு போன் போடுவோம். நானும் போட்டேன். மதுரையில் என் சித்தப்பா மகன் டோல்கேட்டிலேயே அடுக்குத் தூக்குடன் நின்றான். சேலத்தில் கிரேஸுடைய தோழி வீட்டில் ஷெரினைப் பிடித்து உட்கார வைத்து, ஜெபம் பண்ணி, சாப்பாடு போட்டு, கடைசியில் ‘பிள்ளை எம்புட்டுத் தூரம் மிதிக்கும்’ என்று பரிதாபப்பட்டு சைக்கிளோடு வேனில் ஏற்றி தருமபுரியில் இறக்கிவிட்டார்கள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? அவர்கள் தலை மறைந்ததும் திரும்ப சேலத்துக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து மிதித்தாள்.

அன்று சாயங்காலம் போன் வந்தது.

“அப்பா, இனிமே ஒருத்தர் வரக் கூடாது. யாராவது வந்து நின்னா அந்த நிமிஷமே லைவ் லொகேஷனை ஆஃப் பண்ணிருவேன்.”

சத்தியமாக வாய் மூடிக்கொண்டேன். ஏனென்றால் எனக்கு மிச்சமிருந்தது அந்தப் புள்ளி ஒன்றுதான். காலையில் எழுந்ததும் பேப்பர் பார்ப்பதை விட்டு, புள்ளி பார்ப்பது என்று ஆகிவிட்டது. ஐதராபாத் தாண்டுவதைப் பார்த்தேன். நாக்பூர் தாண்டுவதைப் பார்த்தேன். சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் வெளியே வந்துகூட பார்த்திருக்கிறேன்.

அந்தப் புள்ளிதான் இப்போது நின்றுவிட்டது. மத்தியப் பிரதேசத்தில், சிவனி என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால்.

முதல் பந்தியில் உட்காரும்போது நின்றது. சாப்பிட்டு முடிக்கும்போதும் அங்கேயே நின்றது. போன் போட்டேன். ரிங் போகிறது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தால் சுற்றிலும் ஒரே பச்சை. நம் ஊரில் பச்சை என்றால் வயல். அங்கே பச்சை என்றால் காடு – அதுவும் புலி இருக்கிற காடு. ஒரு லாரி. ஒரு பள்ளம். நாலு குடிகாரர்கள். அப்பன்காரன் மனசு படம் ஓட்ட ஆரம்பித்தால் இன்டர்வெல்லே கிடையாது.

“தூங்குதாளா இருக்கும்,” என்றாள் கிரேஸ். “விடியுமுன்னே சைக்கிள மிதிக்கிறவ, மத்தியான வெயில்ல ஒரு உறக்கம் போடமாட்டாளா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. போனைக் கீழ வைங்க.”

அவள் பெண்கள் பக்கம் போய்விட்டாள். நான் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டு வழியில் வந்திருந்த ராதாபுரத்துப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள்.

“என்ன சார், முகம் செத்துப் போச்சு? மேலுக்குச் சுகமில்லையா?”

கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் கொட்டிவிட்டேன். அவர் பதறவே இல்லை.

“சிவனியா? நம்ம முருகேசன் அங்கனதான தவணை யாவாரம் பாக்கான். என் தங்கச்சி மருமவன்.”

ராதாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்படித்தான். வானம் பார்த்த பூமியை விட்டுவிட்டு வடக்கே போவார்கள். பைக்கில் நாற்காலி, போர்வை, குக்கர் என்று கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தவணைக்குக் கொடுத்து வருவார்கள். இந்தியா முழுக்க நம் ஆள் இல்லாத ஊர் இல்லை என்று எத்தனை மேடையில் பெருமையாகப் பேசியிருக்கிறேன்!

அண்ணாச்சி அங்கேயே போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

“சொல்லுங்க சார். பதறாதீய. இருவது நிமிசத்துல நான் அங்கன நிப்பேன்,” என்றான் முருகேசன். குரலில் என்ன ஒரு பணிவு.

ஷெரினுடைய படத்தையும் இடத்தையும் அனுப்பினேன். அப்போதுதான் அவள் போட்ட நிபந்தனை ஞாபகம் வந்தது. புள்ளியை ஆஃப் பண்ணிவிடுவாளே? எனக்குத்தான் மூளை ஜாஸ்தி ஆயிற்றே. “தம்பி, பிள்ளைகிட்டப் பேசாதீங்க. தள்ளி நின்னு பாத்துட்டு எனக்குச் சொன்னாப் போதும். நான் அனுப்புனேன்னு மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் தெரியக் கூடாது,” என்றேன்.

“சரி சார். என் வாயிலேர்ந்து வராது,” என்றான்.

அடுத்த அரை மணி நேரத்தை எப்படிக் கழித்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். பாயசம் கொண்டு வந்தார்கள். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை. பிறகு போன் வந்தது.

“சார், பிள்ளை நல்லா இருக்கு. ரோட்டோரம் ஒரு தாபா. கயித்துக் கட்டில்ல படுத்து உறங்குது. சைக்கிள் பக்கத்துல நிக்கி. உங்களுக்கு நம்பிக்கை வரணும்லா, ஒரு போட்டோ அனுப்பியிருக்கேன்.”

படத்தைத் திறந்தேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்திருக்கிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, சின்ன வயசில் தூங்குவது மாதிரியே. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன், முருகேசனுக்கும் சொன்னேன்.

“முன்னால கொஞ்ச தூரம் காட்டு ரோடு சார். பிள்ளை எந்திச்சுக் கெளம்புனா நான் பையப் பின்னாலயே போயி விட்டுட்டு வாரேன். சும்மாதான இருக்கேன்,” என்றான்.

“ரொம்ப நல்லது தம்பி,” என்றேன். என்றேனே... என் வாயால்தான் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் புள்ளி நகர ஆரம்பித்தது. அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். அண்ணாச்சி வெற்றிலை மடித்துக் கொடுத்தார். புள்ளி வேகமாகப் போனது. எங்கள் பிள்ளை நன்றாகத் தூங்கி எழுந்தால் நல்ல வேகம்தான் என்று அண்ணாச்சியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

பெண்கள் பக்கமிருந்து கிரேஸ் வந்தாள். வந்தாள் என்பதைவிட, நடக்கத் தெரியாதவள் மாதிரி வந்து என் தோளைப் பிடித்தாள் என்று சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. போன் அவள் காதிலேயே இருந்தது.

“ஷெரின் பேசுதா. ஒருத்தன் அவளைத் தொரத்துதானாம். அவ தூங்கும்போது போட்டோ எடுத்திருக்கான், தாபாக்கார அம்மா பாத்துச் சொல்லியிருக்கா. இப்ப பைக்குல பின்னாலயே வாரானாம். அவ நின்னா அவனும் நிக்கானாம். மூச்சு வாங்குதுங்க அவளுக்கு. அழுதா. ஷெரின் அழுதா.”

தூங்கும் பெண்ணைப் படம் எடுத்திருக்கிறான். பேசாமல் பார்த்துக்கொண்டே நிற்கிறான். பின்னாலேயே வருகிறான். இதையெல்லாம் அப்படியே பேப்பரில் போட்டால், நாமே படித்துவிட்டு ‘இவனையெல்லாம் என்ன செய்ய வேண்டும்’ என்று பல்லைக் கடிக்க மாட்டோமா? கொஞ்ச நேரம் முன்னால் கண்ணீர் விட்டுப் பார்த்த அதே படம்தான். இப்போது போனைத் தொடவே கை கூசியது.

கிரேஸ் கண்ணை மூடி “இயேசப்பா, என் பிள்ளை, என் பிள்ளை” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டும். அந்த நிமிஷம் புலியைவிட எனக்கு அவள்தான் பயமாக இருந்தது.

“கிரேஸ்... அது நான் அனுப்புன ஆளு.”

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். போனில், “ஷெரின், பயப்படாத, அது நம்ம...” என்று ஆரம்பிப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. மேப்பைப் பார்த்தேன். புள்ளி ஒரு பெட்ரோல் பங்கில் நின்றிருந்தது.

முருகேசனுக்குப் போட்டேன். ரிங் போனது, நின்றது. மறுபடி போட்டேன். எடுத்தான். ஒரே இரைச்சல். இந்தியில் நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கத்துகின்றன. எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அடிக்கப் போகிறவன் குரல் எந்த மொழியிலும் விளங்கும். வெளியூர்க்காரன், தனியாக வந்த பெண்ணைத் துரத்தியிருக்கிறான், அவன் போனில் அவள் தூங்குகிற படம் இருக்கிறது. கூட்டம் சேர்ந்துவிட்டது. அடுத்து என்ன நடக்கும்? எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

“சார்...” என்றான் முருகேசன். மூச்சு இரைத்தது. “ஏழெட்டுப் பேரு சட்டையப் புடிச்சிருக்கானுவ. யாருல நீன்னு கேக்கானுவ. பிள்ளையும் எதுத்தாப்லதான் நிக்கி.” குரலைத் தாழ்த்திக் கேட்டான். “நீங்க அனுப்புனீயன்னு சொல்லட்டா சார், வேண்டாமா?”

அடப்பாவி மனுஷா... தலைக்கு மேலே கை ஓங்கி நிற்கிறது. அப்போதும் எனக்குக் கொடுத்த வாக்கை மீறாமல், என்னிடம் உத்தரவு கேட்கிறான்.

“சொல்லுப்பா! சொல்லு! போனை ஸ்பீக்கர்ல போடு!” நான் போட்ட சத்தத்தில் பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. “ஷெரின், அப்பாதாம்மா. அவர விடச் சொல்லு. நான்தான் அனுப்புனேன். நம்ம ராதாபுரத்துத் தம்பி. அவர அடிக்க வேண்டாம்னு சொல்லும்மா.”

அந்தப் பக்கம் ஷெரின் குரல் – என்னிடம் இல்லை, அவர்களிடம். இந்தியில், மளமளவென்று. இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. யாரோ ஒருவன் சிரித்தான். நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன், வேட்டி அழுக்காகிறதே என்றுகூடத் தோன்றவில்லை. அண்ணாச்சிதான் கையைப் பிடித்துத் தூக்கினார்.

முருகேசனுக்குக் காலர் கிழிந்ததோடு போயிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்களே, அது. ஷெரின் அவனிடம் மன்னிப்புக் கேட்டு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். “என் கூடப் பொறந்த பிள்ளையா இருந்தா நானும் இப்படித்தான் அனுப்பிருப்பேன் சார்,” என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஷெரினும் திட்டவில்லை. அம்மாவிடம் முதலில் பேசினாள். பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னாள்.

“அப்பா, இத்தனை நாள் இத்தனை ஊரு தாண்டி வந்துட்டேன். லாரிக்காரங்க தண்ணி குடுத்தாங்க. பஞ்சர் கடைக்காரர் காசே வாங்கலை. தாபாக்கார அம்மா நான் தூங்குறப்ப காவலுக்கு உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு இன்னைக்குத்தான் முதல் தடவையா பயமா இருந்துச்சு.”

போனை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மேப்பிலிருந்து நீலப் புள்ளியும் போய்விட்டது. இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ராத்திரி கிரேஸுக்குப் போன் வரும். அவள் சொன்னால்தான் உண்டு. அவளும் லேசில் சொல்வதில்லை.

ஆக, கன்னியாகுமரியிலிருந்து சிவனி வரைக்கும் என் மகளைப் பயமுறுத்தியது ஒரே ஒரு ஆள்தான் – அவர் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு வாராவாரம் உங்களுக்குப் பத்தி எழுதுகிறார்.