நாச்சாரத்தில் இரண்டாயிரம் டப்பா

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாச்சாரம் தொழிற்பேட்டைக்குப் போனேன். ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, உரிமம் வாங்கி, தனியாளாக முகக் க்ரீம் செய்கிறேன். ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலப் பையில் வைக்க 300 டப்பா கேட்டிருந்தார்கள். எனக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். பதினைந்தே நாள் அவகாசம். அந்த நேரம் பார்த்து, காலி டப்பாவைச் சில்லறையாகத் தரும் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். நேரே டப்பா வார்க்கும் ஆலைக்கே போக வேண்டியதாயிற்று.

காஞ்சன்பாக்கிலிருந்து காலை 9.20க்கு ஆட்டோ. 15 கிலோமீட்டர், 50 நிமிடம், 320 ரூபாய். கணவர் பாதுகாப்புத் துறை வேலையாக வெளியூர் போய் மூன்று வாரம் ஆகிறது. எப்போது திரும்புவார் என்று கேட்கக்கூடாத வேலை. "மழை வருமா, பையா?" என்று ஓட்டுநரிடம் இந்தியில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "ஹவ்" என்று ஆமாம் போட்டார். அன்று காலை என்னிடம் ஒருவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஆலை மேலாளர் நாற்பது நிமிடம் காக்கவைத்துக் கூப்பிட்டார். பேச்சு முழுக்க இந்தியில்தான்.

"முந்நூறா? நக்கோ, முடியாது மேடம். ரெண்டாயிரத்துக்குக் குறைஞ்சா அச்சை மாட்டி இறக்குற செலவுக்கே கட்டாது. உங்க ஆளுங்க நாலு பேர் சேர்ந்து வாங்க."

எனக்கு எந்த ஆளுங்க? வாசல்வரை வந்துவிட்டேன். ஆட்டோ பிடிக்கக் கைப்பேசியை எடுத்தவள், என்ன தோன்றியதோ, திரும்ப உள்ளே போனேன்.

"என்னை மாதிரி வந்து வெறுங்கையோட போனவங்க யாராவது இருக்காங்களா, சார்?"

கொஞ்சம் யோசித்தவர் ஓர் எண்ணை அழுத்தி, விஷயத்தைச் சொல்லி, போனை என்னிடம் நீட்டினார். மறுமுனையில், போவன்பள்ளியில் வலி தைலம் செய்யும் சுனிதா.

"ஆயிரத்து நானூறு நான் எடுத்துக்கறேன். ஆனா வெள்ளைதான் வேணும்."

எனக்குப் பச்சை ஆசை. மீதி அறுநூறு என்பது தேவைக்கு இரண்டு பங்கு. ஆனால் காலி டப்பா கெட்டுப்போகாதே. "வெள்ளையே போடலாம்" என்றேன்.

பேச்சு அதோடு முடியவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றாள். வெயில் காலத்தில் அவள் தைலம் இளகி ஒழுகுமாம். என் க்ரீம் திரிந்துபோவதைச் சொன்னேன். மேலாளர் தன் போனுக்காகக் கை நீட்டும்வரை பேசினோம்.

எட்டாம் நாள் டப்பா வந்தது, கல்யாண வீட்டு ஆர்டரை நேரத்துக்குக் கொடுத்தாயிற்று.

நீங்கள் போவதானால் பத்து மணிக்குள் போய்விடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுவரை யாரும் இருக்கமாட்டார்கள். மூடி இறுகுகிறதா என்று பார்க்க உங்கள் க்ரீமையே கொஞ்சம் எடுத்துப் போங்கள். முக்கியமாக, இதே அளவு கேட்டுத் திரும்பிப் போனவர்கள் யார் என்று விசாரியுங்கள்.

சுனிதாவை இன்னும் நேரில் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். போய் என்ன பேசுவது என்று இப்போதே தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.