கதவு வரைக்கும் கேட்ட கதை

நான் அந்த நூல்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

ஆம்... பழைய கிரேக்கத் தத்துவம், ரோமானியர்களின் அறநெறி, வரப்போகும் காலத்தின் கொடுங்கோல் நகரங்களைப் பற்றிய ஆங்கில நாவல்கள் என்று ஞாயிறுதோறும் உங்களுக்கு எடுத்துச் சொன்னேனே, அவற்றில் ஒரு பக்கத்தையும் என் கண் படித்ததில்லை. படித்தவள் என் மனைவி வசந்தா. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன்!

நம் படிப்பு வட்டத்தின் ஆண்டு மலருக்கு ‘என்னை வளர்த்த நூல்கள்’ என்ற தலைப்பில் எழுதச் சொன்னீர்கள். என்னை வளர்த்தது நூல்கள்தாமா? சமையலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து நான் கேட்ட ஒரு குரல் அல்லவா!

வசந்தா சேலத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவள். நான் சர்க்கரை ஆலையில் கரும்புப் பிரிவு எழுத்தர். என் ஆங்கிலம் அலுவலகப் படிவங்களோடு நின்றுவிடும். சேலத்துப் பழைய புத்தகக் கடைகளிலிருந்து அவள் நூல்களை வாங்கி வருவாள். மாலையில் கத்தரிக்காய் அரிந்துகொண்டே சொல்வாள். நன்றாக வாழ்வது என்றால் என்ன, கோபம் வந்தால் மனிதன் எங்கே போய் நிற்க வேண்டும், எல்லாரும் பயந்திருக்கும் ஊரில் ஒருவன் மட்டும் பயப்படாமல் இருக்க முடியுமா... இந்தக் கேள்விகள் எல்லாம் எனக்கு வெங்காய வாசனையோடுதான் வந்து சேர்ந்தன. அந்த மாலைகளுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

நாட்குறிப்பில் பிழை பொறுக்காதவன் நான். மழை பெய்தால் எந்த நேரம் தொடங்கியது என்றுகூட எழுதுவேன். ஆனால் ‘கேட்டேன்’ என்று எழுத வேண்டிய இடங்களில் எல்லாம் ‘படித்தேன்’ என்றே எழுதிவந்தேன். ஏன்? யாரை ஏமாற்ற? அதைப் புரட்டிப் பார்ப்பவன் நான் ஒருவன்தானே!

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகள் அவை. அப்போது வட்டம் கூடியது கள்ளக்குறிச்சிக் கடைவீதியில், பாஷா பாயின் துணிக்கடை மாடியில். பாயின் விதி உங்களில் பழையவர்களுக்கு நினைவிருக்கும். கதையின் முடிவைச் சொன்ன பிறகுதான் தேநீர்! டீயைக் குடித்துவிட்டுப் பாதியில் நழுவியவர்களால் வந்த விதி அது.

ஒருமுறை வசந்தா ஒரு நாவலைச் சொல்லிவந்தாள். மதில் சூழ்ந்த நகரம். குழந்தை பிறந்ததும் கையில் ஒரு நிறக்கயிறு கட்டிவிடுவார்கள். என்ன வேலை, எந்தத் தெரு, எத்தனை வேளைச் சோறு, எல்லாம் அந்த நிறத்தைப் பொறுத்ததுதான். சாக்கடை அள்ளும் ஒருவன், இதை விதித்தவன் யார் என்று பார்க்கக் கோபுரத்தில் ஏறுகிறான். உச்சி அறையின் கதவில் கை வைக்கிறான்...

“மீதி வந்து சொல்றேங்க” என்று புத்தகத்தைப் பையில் வைத்தாள். சின்னசேலத்தில் அவள் அம்மாவுக்குக் காய்ச்சல்.

மறுநாள் மறியலுக்காகச் சாலைகளில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பேருந்து இல்லை. சைக்கிளில் போனவர்களும் திரும்பி வந்தார்கள். கரும்பு வண்டிகள் வழியில் நின்று காய்ந்தன. ஞாயிறும் வந்தது.

‘இன்னும் முடிக்கவில்லை’ என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாமே! சொல்லவில்லை. கதவு வரைக்கும் சொன்னேன். தேநீர்க் கெட்டிலை நோக்கிக் கை நீட்டினேன்.

“இன்னா சார், உள்ள யாரு இருந்தாங்கன்னு சொல்லாம டீ கேக்குறீங்க? நம்ம கடையில அது நடக்காது!” என்றார் பாய். எல்லாரும் சிரித்தார்கள்.

நானே ஒரு முடிவைக் கட்டினேன். உள்ளே ஒரு கிழட்டு அரசன் நடுங்கிக்கொண்டிருந்தான், இவன் அவனை இழுத்துக் கீழே தள்ளினான், நகரமே கயிறுகளை அறுத்தெறிந்தது...

கைத்தட்டல்! மறியலில் தடியடி பட்டுத் தோளில் கட்டோடு வந்திருந்த லேத் பட்டறை ஏழுமலை என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்க கதையாட்டமே இருக்குது சார். யாரோ ஒருத்தன் மேல உக்காந்துக்கினு கட்டுறான். அவனைத் தள்ளிட்டா தீந்துச்சு.” அவர் கண் கலங்கியிருந்தது. நான் தேநீர் குடித்தேன்.

வழி திறந்ததும் வசந்தா வந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. முகம் மட்டும் வாடியது.

“தப்பா சொல்லிட்டீங்களே... உள்ள யாருமே இல்லீங்க. தூசி படிஞ்ச நாற்காலி ஒண்ணு, அவ்ளோதான். எத்தினியோ வருசமா அதுல யாரும் உக்காரல. கீழ இருக்கிறவங்களே அவங்கவங்க புள்ளைக்கிக் கட்டிக்கினு இருந்திருக்காங்க.”

புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“இந்த ஞாயித்துக்கெழம நானே வந்து சொல்லட்டுங்களா? அந்த ஏழுமலை அண்ணன் இதக் கேக்கணும்ங்க.”

அவள் அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. இதைத்தான் கேட்டாள்.

“அங்க பொம்பளைங்க யாரும் வர்றதில்ல வசந்தா” என்றேன்.

வரக் கூடாது என்று சொன்னவர் யார்? பாஷா பாய் எத்தனை முறை, “வூட்ல அம்மாவையும் இட்டுக்கினு வாங்க சார், மேல ஃபேன்கூட இருக்குது” என்றிருக்கிறார்! தடுத்தவர் எவரும் இல்லை. அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது... கயிற்றைக் கட்டிய கை என்னுடையது.

அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் மறுநாள் மாலை, அதே முக்காலிக்கு எதிரே உட்கார்ந்து, அடுத்த நூலைத் தொடங்கினாள்! அந்தப் பெருந்தன்மையை நான் எந்தத் தத்துவத்திலும் கேட்டதில்லை. எத்தனை ஆண்டுகள் சொன்னாள்! என்னிடம் பொறுமை என்று ஏதேனும் இருந்தால், பிறர் துயரம் கொஞ்சமேனும் எனக்குப் புரிந்தால், அது அவள் இட்டது. நீங்கள் எனக்குப் போர்த்திய பொன்னாடைகள் எல்லாம் அவள் தோளுக்கு உரியவை.

ஏழுமலை கடைசிவரை என் பொய் முடிவையே நம்பியிருந்தார். அவர் காலமானபோது மாலையோடு போய் நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இப்போது வசந்தாவுக்குச் சர்க்கரை நோயால் கண் மங்கிவிட்டது. அச்செழுத்து தெரிவதில்லை. இந்தக் கட்டுரையை எழுதுமுன் அவளிடம் சொன்னேன், “இந்தத் தடவை வட்டத்துல நீதான் பேசணும்.”

சிரித்தாள். “இப்ப எதப் படிச்சு இன்னான்னு சொல்றதுங்க? நீங்க படிச்சுக் காட்டுங்க, நான் கேட்டுக்கினு இருக்கேன்.”

படிக்கிறேன். அவள் வாங்கி வைத்து, பார்வை போனதால் பாதியில் நின்ற ஒரு தத்துவ நூல். வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, பள்ளிப் பிள்ளையைப் போல! தடுக்கி விழும் சொல்லுக்கெல்லாம் பொருளை அவளே சொல்கிறாள். நான் சுமையாக நினைக்கும் மாலையை அவள் விருந்தாக ஏற்றுக்கொள்கிறாள்.

நேற்று ஒரு பத்தியின் நடுவில் நின்றுவிட்டேன். எனக்குப் புரியவில்லை. ஏதாவது ஒன்றைக் கட்டிச் சொல்லிவிட்டால் அவளுக்குத் தெரியவா போகிறது என்று ஒரு கணம்... ஒரே ஒரு கணம், நினைத்தேன்! இத்தனைக்குப் பிறகும்!

“அப்புறம் இன்னாங்க?” என்றாள்.

“தெரியல வசந்தா” என்றேன்.

அவள் முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தாள். நான் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன். அடுப்படியில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.