ஆரோக்கியசெல்வி பூட்டிய லாரி முறை

ஒரு அலுவலகத்தில் எது தப்பாகப் போனாலும் முதலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். மரக்காணத்தில் உப்பளக்காரர்கள் சேர்ந்து நடத்திய அந்தச் சின்னச் சங்கத்தில் அப்படி உட்கார்ந்திருந்தவள் ஆரோக்கியசெல்வி. 2005 செப்டம்பரில் அவளுக்கு இருபத்தாறு வயது. அப்பா அம்மா இரண்டு பேரும் உப்பளக் கூலிகள். லீவு நாட்களில் பாத்தியில் இறங்கி உப்பு வாரிய காலோடுதான் அவள் திண்டிவனத்துக்கு பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டர் படித்தாள். வேலைக்குச் சேர்ந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. அப்படிப்பட்டவளைத்தான் அந்த மாதம் திருடி என்றார்கள்.

திருடு போனது காசு இல்லை, முறை. எந்த உப்பளத்து உப்புக் குவியல், அதாவது அம்பாரம், எந்த லாரியில் ஏறும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெயர் கொடுத்தவருக்கு முதல் லாரி. சாதாரண வருஷத்தில் ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் அது சுனாமி அடித்த மறு வருஷம். சேறு அள்ளிப் பாத்தி சரிசெய்து உப்பு வாரவே நாளாகிவிட்டது. அத்தனை பேர் உப்பும் ஒரே நேரத்தில் குவிந்து கிடக்கிறது, மழையோ வாசலில் நிற்கிறது. இந்த நேரத்தில் முறை தவறினால் அம்பாரம் கரைந்து வந்த வழியே கடலுக்குப் போய்விடும்.

அந்த வரிசை செல்வியின் கம்ப்யூட்டரில் 'லாரி' என்ற ஃபோல்டருக்குள் இருந்தது. செயலாளர் தட்சணாமூர்த்தி அறையில் ஒரு கம்ப்யூட்டர், எடை மேடையில் எழுத்தர் வெங்கடாசலத்திடம் ஒரு கம்ப்யூட்டர். மூன்றையும் ஒயர் போட்டு இணைத்திருந்தார்கள். வெங்கடாசலம் திரையைப் பார்த்து அடுத்த பெயரைக் கூப்பிடுவார், லாரி அந்த உப்பளத்துக்குப் போகும். திரை சொன்னதுதான் சட்டம்.

வியாழக்கிழமை காலை ஆராயி ஜன்னலில் வந்து நின்றாள். புருஷன் போன பிறகு ஆறு ஏக்கர் உப்பளத்தைத் தனியாக ஓட்டுகிறவள், வாய்க்கு அஞ்சாதவள்.

"ஏம்மா செல்வி, திங்கக்கிழமை நான் மூணாவது. இன்னிக்குப் பதினொண்ணாவதுங்கறான் வெங்கடாசலம். நடுவுல எட்டுப் பேரு எங்கேருந்து முளைச்சாங்க? உங்கப்பன் என் உப்பளத்துலதானேடி வேலை செய்யறான்."

செல்வி திறந்து பார்த்தாள். ஆராயி பெயர் பதினொன்றில்தான் இருந்தது. மூன்றாவது இடத்தில் பக்கிரி, அவருக்குக் கீழே அவருடைய ஆட்கள் ஏழு பேர் என்று இருந்தது. பக்கிரி செயலாளரின் மைத்துனர். அவள் மாற்றவில்லை. ஆனால் அதை யாரிடம் போய் நிரூபிப்பது? அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். காலையில் யார் முதலில் வருகிறாரோ அவரே மூன்று கம்ப்யூட்டரையும் போட்டு, 'ஆபீஸ்' என்ற ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் திறந்து வைத்துவிடுவார். ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகிற ஊரில் ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்துக்கொண்டு மாரடிக்க முடியுமா என்பது அவர்கள் நியாயம். ஆகவே யார் கை வைத்தாலும் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை கை வைத்தது 'ஆபீஸ்'. மனிதர்களைப் பொறுத்தவரை செல்வி.

"அவ மெஷின்லதானே இருக்குது, வேற யார் மாத்துவா? பேசாம பழையபடி நோட்டுலயே எழுதிக்கலாம். இந்தப் பொண்ணும் வேணாம்" என்று சங்கத் தலைவர் தேசப்பனிடம் சொன்னார் தட்சணாமூர்த்தி. சொல்லும்போது அந்த மனுஷன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. தேசப்பன் நிதானமானவர். செல்வியைக் கூப்பிட்டார்.

"எல்லாரும் பார்க்கணும். ஆனா ஒருத்தரைத் தவிர வேற யாரும் அதுல கை வைக்க முடியக் கூடாது. இப்படி உன்னால செய்ய முடியுமாம்மா?"

"முடியுங்க ஐயா."

"திங்கக்கிழமை கமிட்டி. அதுக்குள்ள முடியலன்னா செயலாளர் சொல்றபடிதான்."

முடியும் என்று வாய் சொல்லிவிட்டது. எப்படி என்பது அவளுக்கே தெரியாது. வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். முறையைத் திருடினவள் என்ற பெயரோடு அப்பா நாளைக்கு எந்தப் பாத்தியில் போய் இறங்குவார்?

கைகொடுத்தது கோட்டக்குப்பம். இங்கே வருவதற்கு முன்னால் அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருந்தாள். துபாயிலும் குவைத்திலும் இருக்கிற புருஷன்மார் அனுப்பும் போட்டோக்களைப் பார்க்கப் பெண்கள் வருவார்கள். ஒரு வீட்டுப் போட்டோவை இன்னொரு வீட்டுப் பெண் திறந்து பார்த்துவிட, பெரிய ரகளையாகிப் போனது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டருக்குள் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொடுத்தவள் செல்விதான். முதல் வேலை அதுதான் என்று இப்போதும் பிடித்துக்கொண்டாள். பெயரே இல்லாத இடத்தில் யாரைத் தடுப்பது, யாரை விடுவது?

வெள்ளிக்கிழமை மூன்று பேருக்கும் தனித்தனிப் பெயர் போட்டாள். "எனக்குப் பாஸ்வேர்டு இல்லாமலே விட்டுடும்மா, மறந்துடுவேன்" என்றார் வெங்கடாசலம். விட்டுப் பார்த்தாள். எடை மேடையிலிருந்து அவர் திறந்தபோது அவளுடைய கம்ப்யூட்டர் அவரை உள்ளேயே விடவில்லை. கடைசியில் பேத்தி பெயரை வைத்துக்கொண்டார். தட்சணாமூர்த்தி சிரித்துக்கொண்டே, கையால் மறைத்துக்கொண்டு அடித்தார்.

அடுத்து அனுமதி. யாருக்கு என்ன உரிமை என்று குறிக்கிற பக்கம் இருக்கும் என்று அவள் திண்டிவனத்தில் படித்த கம்ப்யூட்டர் புத்தகம் சொன்னது, கம்ப்யூட்டரிலோ அப்படி ஒரு பக்கமே இல்லை. பாதி நாள் தேடினாள். ஃபோல்டர் அமைப்புகளில் ஒரு நீளமான பட்டியல், அதன் கடைசி வரியில் எளிய பகிர்வு என்று ஒரு டிக். பக்கத்திலேயே அதுதான் நல்லது என்று சிபாரிசு வேறு. யாருக்கு நல்லதோ, அந்தப் புண்ணியவான்களுக்கே வெளிச்சம். டிக்கை எடுத்தாள். காணாமல் போயிருந்த பக்கம் வந்து நின்றது.

சனிக்கிழமை காலை அதைத் திறந்துவைத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து பார்த்த வேலையைச் செய்தாள். உப்பளத்தில் ஒரு பாத்திக்குத் தண்ணீர் விட வேண்டுமென்றால் முதலில் எல்லா மடையையும் அடைப்பார்கள், அப்புறம் வேண்டிய மடையை மட்டும் திறப்பார்கள். செல்வியும் அப்படியே 'எல்லாரும்' என்ற பெயருக்குத் தடை போட்டாள், தன் பெயருக்குத் திறந்துவிட்டாள். இங்கிலீஷில் நாலு வரி எச்சரிக்கை வந்தது. படிக்காமல் சரி என்று தட்டினாள்.

அஞ்சு நிமிஷத்தில் வெங்கடாசலம் எடை மேடையிலிருந்து ஓடி வந்தார். "செல்வி, லிஸ்ட் திறக்கலம்மா. மூணு லாரி நிக்குது."

அவள் தன் கம்ப்யூட்டரில் தட்டினாள். அங்கேயும் திறக்கவில்லை. பட்டியல் உள்ளே இருக்கிறது, உலகத்தில் ஒருவராலும் அதைப் பார்க்க முடியாது. வெளியே டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். தட்சணாமூர்த்தி அறை வாசலில் வந்து நின்று, "போச்சா?" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் செல்விக்கு வந்த பயம் போய்க் கோபம் வந்தது. நல்லதாகப் போயிற்று, கோபம் வந்தால்தான் அவளுக்கு மூளை ஓடும்.

எச்சரிக்கையை மறுபடி வரவழைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். தடை, அனுமதி இரண்டும் மோதினால் தடைதான் ஜெயிக்கும் என்றிருந்தது. 'எல்லாரும்' என்றால் அதில் அவளும் ஒருத்தி. பாத்தியில் அடைத்த மடையைக் காலால் தள்ளித் திறந்துவிடலாம், இங்கே அடைத்தது அடைத்ததுதான். அப்படியென்றால் அடைக்கவே வேண்டாம். பெயர் எழுதாதவருக்கு எப்படியும் உரிமை கிடையாதே. ஃபோல்டரை உண்டாக்கியவள் என்பதால் அனுமதிப் பக்கம் மட்டும் அவளுக்குத் திறந்தது. 'எல்லாரும்' என்ற வரியையே தூக்கி எறிந்தாள். செல்விக்கு எழுதும் உரிமை, மற்ற இரண்டு பேருக்கும் படிக்கும் உரிமை மட்டும். வெங்கடாசலம் மேடைக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் முதல் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

பிறகு, பெயர் பதிந்தபோது தேதி போட்டுக் கொடுத்த ரசீதுகளின் அடிக்கட்டையை வைத்து வரிசையைத் திருத்தினாள். ஆராயி மறுபடி மூன்றாவது இடத்துக்கு வந்தாள், பக்கிரி பதினான்குக்குப் போனார், அவர் ஆட்கள் ஏழு பேரும் அவருக்குப் பின்னால் போனார்கள்.

திங்கட்கிழமை கமிட்டி ஆட்கள் செயலாளர் அறையில் கூடினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆராயி இடுப்பில் கைவைத்து நின்றாள். "எங்க, நீங்களே மாத்திப் பாருங்க" என்றார் தேசப்பன் தட்சணாமூர்த்தியிடம்.

"எனக்கு மாறும் தலைவரே. நான் செயலாளர்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் அவர். ஃபோல்டரைத் திறந்தார். பட்டியல் வந்தது. விரல்கள் சரசரவென்று இறங்கி, பதினான்காவது வரியை வெட்டி, மேலே ஏறி, மூன்றாவது இடத்தில் ஒட்டின. ஆராயி நாலாவதாக இறங்கினாள். அப்படியே சேமிக்கவும் தட்டிவிட்டார். எல்லாம் சேர்ந்து நாலு விநாடி இருக்கும். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, உனக்கு அனுமதி இல்லை என்றது.

அனுமதி இல்லாததை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்தது பக்கிரி பெயரை. மாற்றிக் காட்ட முப்பது பெயர் இருக்க, அந்தக் கை நேராக அங்கே போயிருக்கிறது, தேடக்கூட இல்லை. தட்சணாமூர்த்தி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"கை நல்லாப் பழகியிருக்குதே தட்சணாமூர்த்தி" என்றார் தேசப்பன் மெதுவாக.

ஜன்னலில் ஆராயி இடுப்பிலிருந்த கையை எடுத்து செல்வியைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் வாழ்நாளில் அப்படி நடந்தது அன்றுதான் என்று வெங்கடாசலம் பின்னால் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேசப்பன் செல்வி பக்கம் திரும்பினார். "இனிமே இந்த லிஸ்ட் மாறினா யாரைக் கேக்கறதும்மா?"

நாலு நாளாகத் தன் தலையில் விழுந்துகொண்டிருந்த பழியை அவள் அப்போதுதான் கையில் வாங்கினாள். "என்னைக் கேளுங்க ஐயா. மாறினா அது நான்தான். காரணம் எழுதி, நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாத்தான் மாத்துவேன்."

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் ஆராயியின் அம்பாரம் மொத்தமும் ஏறிவிட்டது. கடைசி லாரிக்குத் தார்ப்பாய் கட்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கொட்டுகிற மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஆராயி அலுவலக ஜன்னலுக்கு வந்தாள்.

"மகராசி, ஏறிடுச்சு" என்றாள். "உங்கப்பன் அங்க ஊரையே கூட்டிட்டான். கடைசி லாரி மேல ஏறி நின்னுக்கிட்டு, எம் பொண்ணு போட்ட லிஸ்ட்டுடா இதுன்னு கத்தறான். இறங்கச் சொல்லி நீயே வந்து கூப்பிடு, நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான்."

செல்வி பட்டியலில் ஆராயி பெயருக்கு எதிரே ஏறியது என்று அடித்து, சேமித்து, கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.