சுறா எண்ணெய் பூசிய வாங்கு

இன்று மீன் எண்ணெய்க் குளிசை ஒன்று விரலிடையில் உடைந்தது. சவர்க்காரம் போட்டும் போகாத அந்த மணத்தில், மயிலிட்டியில் எங்கள் வளவு வேப்பமரத்தடியில் கிடந்த நீள மர வாங்கு நினைவுக்கு வந்தது. பின்னேரங்களில் கடற்காற்றுப்பட உட்கார்ந்திருப்பதற்கென்று அம்மா ஆசையாகக் கேட்டுச் செய்வித்தது அது. கடலுக்குப் போகும் அப்பாவுக்கோ வெளியில் கிடக்கும் பலகையெல்லாம் வள்ளம்தான்; ஒவ்வொரு மாரிக்கு முன்னும், வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய சுறா எண்ணெயைப் பழந்துணியில் தோய்த்து, கால், சட்டம், அடிப்பலகை என்று ஓரிடம் விடாமல் அதற்கும் தேய்ப்பார். பிசுக்குச் சேலையில் ஒட்டும், மணம் அடுத்த புரட்டாதி வரை நிற்கும்; பூனைகள் மட்டும் நக்கிவிட்டு அதிலேயே படுத்துக்கொள்ளும்.

ஒருமுறை அம்மா வாங்கைத் தடவி, கையை முகர்ந்து பார்த்தார்.

"இப்பதான் மணம் விட்டிருக்கு. இந்த முறை பூசாதேங்கோ, ஒருக்கா இதில இருந்து பாப்பம்."

"மழை இருட்டிக்கொண்டு வருது. விட்டால் உக்கிப்போகும். கொஞ்சம் தள்ளி நில்லும்" என்றார் அப்பா, எண்ணெய்ச் சிரட்டையோடு.

அம்மா தள்ளி நின்றார்.

நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளிலும் அந்த வாங்கில் ஒரு வெடிப்பில்லை. வளவை எப்போது நினைத்தாலும், அதன் பக்கத்தில் அம்மா நின்றுகொண்டுதான் இருக்கிறார்.