நுனியை முதலில் பார்த்த நஸீமா

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. நஸீமாவின் கணவர் பேசினார். "தங்கச்சி, நஸீமா மவுத்தாயிட்டாம்மா. நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." பெரம்பலூர் ஆய்வகத்துக்குப் போகவேண்டியவள் லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். பாவி மகள், முதல் நாள் சாயங்காலம்கூட, "நாளைக்கு டிபன் எடுத்துட்டு வராத லதா, நெய்ச்சோறு கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாளே!

அவளோடு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும், அவள் கையால் சாப்பிடாதவர் எங்கள் ஆய்வகத்தில் கிடையாது. குடுவையில் வளரும் செல்களையும் அப்படித்தான் கவனித்தாள். அவற்றுக்கு ஊற்றும் ஊட்டச்சத்துக்குத் தீனி என்றே பெயர் வைத்திருந்தாள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் ஊறுவதற்காகப் போடும் ஊசிக்கான புரதத்தை அந்தச் செல்கள் செய்து தரும். அதை உடம்பில் நீண்ட நாள் நிற்க வைப்பது எங்கள் வேலை. துபாயிலிருந்து திரும்பிய அவள் கணவருக்கு டயாலிசிஸோடு வாரம் மூன்று ஊசி. "அந்த மனுசன் கையப் பாத்தாலே வயிறு எரியுது. ஒரு ஊசியாவது கொறைக்கணும்டி" என்பாள்.

அந்தப் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு நுனியையும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லீரல் புரதத்தைப் பிடித்து அழித்துவிடும். "முக்காடு இல்லாம வெளிய அனுப்புனா கல்லீரல் மாமியா சும்மா வுடுவாளா?" என்று தன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்பாள். நாங்கள் சிரித்து உருளுவோம்.

எங்கள் ஆய்வுத் திட்டத்தைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவு செய்ய ஒரு குழு வந்தது. அந்த முறை நஸீமாவின் குடுவையில் புரதம் இரண்டு மடங்கு. இயக்குநருக்கு வாயெல்லாம் பல். குழுவும் பாராட்டத் தொடங்கியபோது இவள் எழுந்தாள். "அளவு நெறைய வந்திருக்கு சார். ஆனா பாதிக்குமேல நுனி மூடல. நான் தீனிய அதிகமாப் போட்டதுல அம்மோனியா சேந்து, நுனிய மூட வுடாமக் கெடுத்துருச்சு. இது ரத்தத்துல நிக்காது." யாரும் கேட்காத சோதனையை அவளாகவே செய்து பார்த்திருக்கிறாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வெளியே வந்ததும், "ஏண்டி, வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டியா? திட்டத்த மூடிட்டா உன் வூட்டுக்காரருக்கு யாரு மருந்து செய்வா?" என்று கத்தினேன்.

"அவருக்குப் போடப்போற மருந்துன்னுதான்டி சொன்னேன்" என்றாள்.

குழு திட்டத்தை மூடவில்லை. தவறு எங்கே என்று தெரிந்தவர்களே திருத்தட்டும் என்றார்கள். அன்று அவள் வாய் திறந்ததால்தான் இன்று எனக்கு இந்த வேலை இருக்கிறது. அதன்பிறகு தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். "இதுங்கள அரைப் பட்டினி போடுறது பாவமா இருக்கு லதா" என்ற புலம்பல் மட்டும் ஓயவில்லை.

அடக்கம் முடிந்து நான் கிளம்பியபோது அவள் கணவர் வாசல்வரை வந்தார். "ஆய்வு நின்னுடாதுல்ல தங்கச்சி?"

"நிக்காதுண்ணே."

மருந்து மனிதர்களுக்கு வர இன்னும் நெடுங்காலம் ஆகும். அது அவருக்கும் தெரியும்.

அவள் கடைசியாக வைத்த குடுவையை இந்த வாரம் எடுத்தோம். "எவ்வளவும்மா வந்திருக்கு?" என்று இயக்குநர் கேட்டார். "மொதல்ல நுனியப் பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றேன். அவளிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தப் பழக்கம்தான். காலத்துக்கும் அவளுக்கு நன்றி சொல்ல இது போதும்.

புரதம் குறைவுதான். நுனியெல்லாம் மூடியிருக்கிறது நஸீமா.