வத்தலக்குண்டுக்கு எண்ணப் போனேன்

காலை ஆறரை மணிக்குத் திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு பஸ் ஏறினேன். இருபத்திரண்டு மைல், டிக்கெட் பதினோரு அணா. அங்கே பேகம்பூரில் எங்களுக்குத் தேங்காய்க் கடை இருக்கிறது. என் வீட்டுக்காரர் மௌத்தான பிறகு இரண்டு வருஷமாக நான்தான் அதை நடத்துகிறேன். சரக்கு எடுத்து வருவது மட்டும் என் கொழுந்தன் ஜமால்.

ஆயிரம் காய்க்குச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் ஐம்பது குறைந்தே வரும். வத்தலக்குண்டுத் தோப்புக்காரர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், எண்ணுவதும் தெலுங்கில், அதில்தான் ஏமாற்றுகிறார்கள் என்பார் ஜமால். இப்படியே போனால் கடை நொடித்துவிடும், பெருநாள் கழித்துத் தன் பேருக்கு மாற்றிவிட வேண்டும் என்று பெரிய மனிதர்களைக் கூட்டிவைத்தும் கேட்டுவிட்டார். இந்தத் தடவை நானே போய் எண்ணி வாங்குகிறேன் என்றேன். சிரித்தார்.

"தெலுங்குல ஒண்ணு ரெண்டாச்சும் தெரியுமா மதினி ஒங்களுக்கு?"

தெரியாதுதான். அதனால் என்ன? பிறக்கும்போதே யாரும் எண்ணிக்கொண்டு பிறப்பதில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பூக்காரம்மா காலிக் கூடைகளோடு இருந்தாள். திண்டுக்கல்லில் பூப் போட்டுவிட்டுச் செம்பட்டிக்குத் திரும்புகிறாள், வீட்டில் தெலுங்குதான் என்றாள். விடுவேனா? பிடித்துக்கொண்டேன். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது, ஆறு என்று சொல்லிக் கொடுத்தாள். இதற்கா ஜமால் இவ்வளவு பயம் காட்டினார் என்றிருந்தது எனக்கு. பாதி நம் வீட்டுச் சொற்கள். எனிமிதியும் தொம்மிதியும்தான் படுத்தின. எட்டு, ஒன்பது என்பதை எதற்கு இப்படி நீட்ட வேண்டுமோ. ஆத்தூர் விலக்கு தாண்டுவதற்குள் இரவை, அதாவது இருபது வரை வந்துவிட்டேன். அப்புறம் அதன்மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் போதுமாம். முப்பை, நலபை, யாபை என்று பத்துகளை மட்டும் சொல்லிவிட்டு அவள் செம்பட்டியில் இறங்கிப் போனாள். மிச்ச வழியெல்லாம் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு வந்தேன். முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

எட்டரைக்கு வத்தலக்குண்டு. அங்கிருந்து தோப்பு மூன்று மைல், குதிரைவண்டிக்கு ஆறணா. தோப்புக்காரர் வெளியூர் போயிருந்தார். அவர் மனைவி ரங்கம்மா மோர் கொடுத்து, ஆட்களைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். நான் குவியலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

கைக்கு ஒன்றாக ஜோடி ஜோடியாகத் தூக்கிப் போட்டார்கள். முதல் ஜோடிக்கு ஒகட்டி என்று சொல்லவில்லை, லாபம் என்றார்கள். எங்கள் கடையிலும் முதல் எண்ணுக்கு அதைத்தான் சொல்வோம். அதற்குப் பிறகு ஒன்றுகூட எனக்குத் தப்பவில்லை. யாபை, அதாவது ஐம்பது ஜோடி என்றதும் நூறு காய். அந்த இடத்தில் எண்ணுகிறவர் குவியலிலிருந்து இன்னொரு காயை எடுத்துத் தனியாக ஒரு சாக்கில் வைத்தார்.

"நிறுத்துங்க," என்றேன். "என் கண்ணு முன்னாடியே எடுத்து வைக்கிறீகளே."

எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். ரங்கம்மா கோபப்படவில்லை. ஆச்சரியமாகத்தான் பார்த்தார்.

"அது எத்தன நூறுன்னு தெரியிறதுக்கு வைக்கிற காயி பாயம்மா. எண்ணி முடிச்சதும் ஒங்களுக்குத்தான். ஒங்க கொழுந்தனாரு ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டுத்தான போறாரு?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். ஆயிரம் எண்ணி முடிந்தபோது சாக்கில் பத்துக் காய் இருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு காயை நான் கண்ணால் கண்டதில்லை.

பகல் ஒரு மணிக்கு லாரியில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். செம்பட்டி நெருங்கும்போது அவர் வேகத்தைக் குறைத்தார்.

"ஓட்டல்ல நிப்பாட்டணும்லம்மா? ஒவ்வொரு நடையும் ஒங்க கொழுந்தனாரு ஒரு சாக்கு எறக்குவாகளே."

எத்தனை காய் இருக்கும் என்று கேட்டேன். அறுபது இருக்கும் என்றார். ஐம்பதும் பத்தும் அறுபது. அதற்குத் தெலுங்கு தேவைப்படவில்லை. நிறுத்த வேண்டாம், நேரே போங்கள் என்றேன். முன்பின் தெரியாத வீட்டில் நூற்றுக்கு ஒரு காய் கூடுதலாகவே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கூடப் பிறந்தவன் மாதிரி வைத்திருந்தவன் அவர்களைத் திருடர்கள் என்று சொல்லிக்கொண்டே திருடியிருக்கிறான். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

மூன்று மணிக்குப் பேகம்பூர். ஜமால் கடை வாசலிலேயே நின்றார், கூடவே அந்தப் பெரிய மனிதர்களும். நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுமைகாரர் ஜோடி ஜோடியாக இறக்க இறக்கத் தெருவே கேட்கும்படி எண்ணினேன். லாபம், ரெண்டு, மூடு. எனிமிதியும் தொம்மிதியும்கூடத் தடுக்காமல் வந்தன. பத்து யாபை முடிந்தது. ஆயிரம், ஒன்றுகூடக் குறையவில்லை. அப்புறம் சாக்கை அவிழ்த்து அந்தப் பத்துக் காயையும் ஜமாலின் காலடியில் வரிசையாக வைத்தேன். அது என்ன காய் என்று பெரியவர்கள் கேட்டார்கள். ஜமால் மட்டும் கேட்கவில்லை.

"இனிமே சரக்கெடுக்க நானே போறேன் தம்பி," என்றேன். "ஒங்களுக்குத்தான் தெலுங்கு தெரியாதே."