தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம்

கேட்டு முடித்ததும் நீங்கள் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். தனிமை என்று சொல்லலாம், மழைநாளின் மனமயக்கம் என்று சொல்லலாம். எங்கள் ஊர் டாக்டரும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். ஆனால் நெரிடா பாஸ்கோவை எனக்குப் பல வருஷங்களாகத் தெரியும். சமையலறைக்குள் பாம்பு வந்தால் துடைப்பத்தால் வெளியே தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மாவு பிசைகிற பெண் அவள். இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை முன்னால் இருந்த தேநீரை அவள் தொடவே இல்லை. நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நெரிடாவும் அவள் கணவன் காலினும் டார்லி ஓடைக்கரையில் ஒரு மரக்குடிலை விருந்தினர்களுக்கு விட்டு வந்தார்கள். அவர்கள் வீடு இந்தக் கரையில், சாலையை ஒட்டி. குடில் அந்தக் கரையில், மேட்டின்மேல், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே. இரண்டுக்கும் இடையில் ஒரு தரைப்பாலம். வருகிறவர்கள் பகலில் அருவியைப் பார்ப்பார்கள், சுண்ணாம்புக் குகைக்குள் போய் வருவார்கள். அந்தியில் மடுவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாத்து அலகுள்ள, முட்டையிடும் நீர்விலங்கான பிளாட்டிபஸ் தலைநீட்டக் காத்திருப்பார்கள். அங்கே செல்போன் எடுக்காது. அதற்காகவே வருகிறவர்களும் உண்டு. வீட்டுக்கும் குடிலுக்கும் காலின் இழுத்துக் கட்டிய கம்பிபோன் ஒன்று இருந்தது. இங்கே எடுத்தால் அங்கே மணி அடிக்கும். அங்கே எடுத்தால் இங்கே அடிக்கும். வேறெங்கும் போகாது.

அந்தக் குளிர்காலக் கடைசியில் குடிலுக்கு ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். நோயல் விக்கம், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், கைத்தடியோடு நடக்கிறவர். மகள் டெஸ், ஜீலாங் நகரத்தில் பள்ளி ஆசிரியை. மனைவி இறந்த பிறகு நோயல் வீட்டைவிட்டு வெளியே வந்தது அதுதான் முதல் முறை என்று டெஸ் நெரிடாவிடம் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை காலை நெரிடா அவர்களுக்குப் பூசணி சூப்பும் சூடான ஸ்கோன் ரொட்டிகளும் எடுத்துப்போனாள். ஓடையில் தண்ணீர் பாலத்துக்குக் கீழேதான் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா நெரிடா," என்றார் நோயல். "வந்ததுலேருந்து அந்த மடுவையே பார்த்துக்கிட்டிருக்கேன். பிளாட்டிபஸ்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா, இல்ல போட்டோவைப் போட்டு ஆள் பிடிக்கறீங்களா?"

"நீங்க பேசற சத்தத்துக்கு அது இந்நேரம் கடல் தாண்டி டாஸ்மேனியாவுக்கே போய்ச் சேர்ந்திருக்கும்."

டெஸ் சிரித்தாள். "இவர் தூக்கத்துல பேசறதையும் கேட்டிருந்தா அது முட்டையையும் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கும்."

நோயலும் சிரித்தார். கனைப்பது போல இரண்டு முறை, பிறகு ஒரு இருமல். அதுதான் அவர் சிரிப்பு.

கிளம்பும்போது நெரிடா மலைப்பக்கம் பார்த்தாள். மேலே கறுத்துக் கிடந்தது. "தண்ணி ஏறினாலும் ஏறும். நீங்க பயப்படாதீங்க. இந்த மேட்டுக்கு ஓடை எப்பவும் வந்ததில்ல. விறகு இருக்கு, சாப்பாடு இருக்கு. அங்கேயே உட்கார்ந்திருங்க, போதும்."

"எனக்கு எங்க போற அவசரம்?" என்றார் நோயல்.

மதியம் மழை பிடித்தது. அப்படி ஒரு மழை. தகரக் கூரைமேல் கல் கொட்டுவது போலச் சத்தம். காலின் மாட்டுச் சந்தைக்கு ஊருக்குப் போயிருந்தான். சாலையில் தண்ணீர் நிற்கிறது, இரவு அங்கேயே தங்குகிறேன் என்று வீட்டுத் தொலைபேசியில் சொன்னான். நெரிடா தனியாக இருந்தாள். அதில் அவளுக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

நான்கு மணிக்கு மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடைவரை போய்ப் பார்த்தாள். பாலம் மூழ்கியிருந்தது. பழுப்புத் தண்ணீர், மேலே வழவழப்பாக, ஆழமில்லாதது போலத் தெரிந்தது. அவளுக்கு அந்த ஓடையைத் தெரியும். அது மாட்டை உருட்டும் தண்ணீர். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கரை பாதிதான் கண்ணுக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். கம்பிபோனை எடுத்தாள். மணி போனது. உடனே எடுத்தார்கள்.

"டெஸ், பாலம் மூழ்கிடுச்சு. வெளிய வராதீங்க."

"சரி நெரிடா. நாங்க எங்கயும் போகல."

"அப்பா எப்படி இருக்காரு?"

"அடுப்புகிட்ட உட்கார்ந்திருக்காரு."

பின்னால் நோயல் சிரிப்பது கேட்டது. கனைப்பு இரண்டு முறை, ஒரு இருமல். நெரிடா நிம்மதியாகப் போனை வைத்தாள். வைத்த பிறகுதான் ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். பாதி உரிக்கும்போது புரிந்தது.

குடிலுக்கும் தகரக் கூரைதான். இங்கே மழைச் சத்தத்தில் தன் பேச்சே தனக்குக் கேட்கவில்லை. அந்த முனையில்... மழையே இல்லை.

கம்பி ஈரத்தில் ஏதாவது ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நான்கு நாற்பதுக்குக் கம்பிபோன் அடித்தது.

"நெரிடா?" டெஸ்தான். குரலில் சின்ன எரிச்சல். "வெளிய வராதீங்கன்னு சொன்னீங்க. இப்ப ஏன் கூப்பிடறீங்க?"

"நான் கூப்பிடலியே."

"கரையில நின்னு கையைக் காட்டறீங்களே."

"எந்தக் கரையில?"

"எங்க கரையிலதான்."

நெரிடா ஜன்னலைப் பார்த்தாள். வெள்ளையாகப் பனி. வேறொன்றும் தெரியவில்லை.

"டெஸ், நான் வீட்டுல இருக்கேன். வீட்டுலேருந்துதான் உங்ககூடப் பேசறேன்."



"மஞ்சள் கோட்டு போட்டிருக்கீங்க," என்றது டெஸ்ஸின் குரல்.

நெரிடா மெல்லத் திரும்பினாள். கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கதவைத் தாழ் போடு. டெஸ், கேக்குதா? யாரா இருந்தாலும் திறக்காதே."

"தாழ்வாரத்துக்கு வந்துட்டாங்க... உங்க முகம்தான் நெரிடா."

"திறக்காதே."

"அப்பா திறக்கப் போறாரு."

"அவரைக் கூப்பிடு. போனை அவர்கிட்ட குடு."

 ரிசீவரை எதன்மேலோ வைக்கும் சத்தம். கதவின் கீல் முனகியது. பிறகு அவளுக்குத் தன் குரலே கேட்டது. ஒலிப்பதிவில் கேட்பது போல இல்லை. சமையலறையில் பக்கத்தில் நின்று பேசுவது போல.

"வாங்க நோயல். தண்ணி கணுக்காலுக்குத்தான் இருக்கு. நான் முன்னால போறேன்."

கைத்தடி மரத்தரையில் ஊன்றும் சத்தம். டொக்... டொக்... டொக்...

நெரிடா போனுக்குள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. கைத்தடிச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

வீட்டுத் தொலைபேசியில் பக்கத்துப் பண்ணை மெர்வ் டல்லியைக் கூப்பிட்டாள். வெள்ள மீட்புக் குழுவில் இருபது வருஷம் இருந்தவர். "கயிறோட வா மெர்வ். பாலத்துக்கு. இப்பவே." அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் வைத்துவிட்டாள்.

கோட்டை இழுத்து மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கரையில் ஓடையின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமே இல்லை. பனி கலைந்தும் மூடியும் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கணம் விலகியது. குடிலின் தாழ்வாரம் தெரிந்தது. அங்கே இரண்டு பேர் எழுந்து நிற்பது தெரிந்தது. மறுபடி மூடிக்கொண்டது.

"வராதீங்க! போங்க! உள்ள போங்க!"

இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி வீசினாள். போ போ என்று தள்ளினாள். தன் குரல் தன் காதுக்கே வந்து சேரவில்லை.

பனி விலகியது.

மேட்டுப் பாதையில் டெஸ் இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நோயல். அவர்களுக்கு முன்னால் மஞ்சளாக ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்தது. நடை தெரியவில்லை. நகர்வு மட்டும்.

நெரிடா இன்னும் பலமாகக் கையை வீசினாள்.

அவர்கள் இன்னும் வேகமாக வந்தார்கள்.

தண்ணீரில் கால் வைத்தாள். முட்டிக்குக் கீழே யாரோ இழுத்தது போல இருந்தது. விழுந்தாள். வேலிக்கம்பைப் பிடித்து ஏறினாள். மறுபடி இறங்கினாள். மறுபடி விழுந்தாள். அதற்குமேல் ஒரு அடி வைக்க முடியவில்லை.

அவர்கள் பாலத்தின்மேல் வந்துவிட்டார்கள்.

முதலில் கைத்தடி போனது.

நோயல் உட்காருவது போலச் சாய்ந்தார். அவ்வளவுதான். அவர் கத்தவில்லை.

டெஸ் திரும்பினாள்.

பிறகு டெஸ்ஸும் இல்லை.

மஞ்சள் எதுவும் இல்லை.

தண்ணீர்...

வெறும் தண்ணீர்.

மெர்வ் வந்தபோது நெரிடா வேலிக்கம்பைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கை இன்னும் காற்றில் வீசிக்கொண்டே இருந்ததாம். அவர்தான் பிடித்துக் கீழே இறக்கினார். ஓடை திரும்பும் இடத்தில், விழுந்து கிடந்த மரமொன்றில் டெஸ் சிக்கியிருந்தாள். மெர்வ் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி உயிரோடு எடுத்தார். நோயல் திங்கட்கிழமைதான் கிடைத்தார்.

விபத்து என்று காவல்துறை முடித்துக்கொண்டது. நெரிடா போனில் கேட்டதை அவர்களிடம் சொன்னாள். அந்த இளம் அதிகாரி பேனாவை மூடிவிட்டு, "கொஞ்சம் தூங்குங்க," என்றார்.

தண்ணீர் வடிந்ததும் மெர்வும் காலினும் குடிலுக்குப் போனார்கள். திரும்பி வந்த மெர்வ் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார்.

"நெரிடா, அன்னைக்கு எந்தப் போன்ல பேசினே?"

"கம்பிபோன்ல."

"அதுலயா?"

"அதுலதான். நாலு மணிக்கு மேல. ஏன்?"

மெர்வ் காலினைப் பார்த்தார். காலின் தரையைப் பார்த்தான்.

"அந்தப் பக்கத்துக் கம்பத்துமேல மரம் விழுந்து கிடக்கு," என்றார் மெர்வ். "கம்பி அறுந்து பாதி ஓடையில போயிருச்சு. டெஸ் மதியம் பால் கேக்கறதுக்குப் போனை எடுத்தாளாம். அப்பவே போன்ல உயிரில்லைன்னு சொன்னா. மகளே, நாலு மணிக்கு அதுல யாரும் பேசியிருக்க முடியாது."

 மறுநாள் நெரிடா தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டெஸ்ஸின் தோளில் கட்டு. முகம் முழுக்கக் கீறல். நெரிடாவைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை என்றாள் நெரிடா.

"குடிலுக்கு யார் வந்தது, டெஸ்?" என்று கேட்டாள்.

"குடிலுக்கா? யாரும் வரலையே."

"கதவைத் தட்டினது... மஞ்சள் கோட்டு..."

"யாரும் தட்டல. நாங்க தாழ்வாரத்துல உட்கார்ந்து தேநீர் குடிச்சுக்கிட்டிருந்தோம். அப்பா ரொம்ப சந்தோஷமா இருந்தாரு." டெஸ் அவளை உற்றுப் பார்த்தாள். "மஞ்சள் கோட்டுல நீங்கதான் இருந்தீங்க. உங்க கரையில. திடீர்னு ஓடி வந்து ரெண்டு கையையும் வீசி எங்களைக் கூப்பிட்டீங்க. எங்களுக்குப் பின்னால மலை சரியுது போலன்னு நினைச்சோம்."



"நான் உங்களைக் குறை சொல்லல," என்றாள் டெஸ். "எனக்குத் தெரியணும், அவ்வளவுதான். ஏன் கூப்பிட்டீங்க? அப்பா வர மாட்டேன்னுதான் சொன்னாரு. தண்ணியைப் பார், நாம இங்கேயே இருப்போம்னாரு. நான்தான் கையைப் பிடிச்சு எழுப்பினேன். நெரிடா இவ்வளவு பதறிக் கூப்பிடறாங்கன்னா காரணம் இருக்கும்பான்னு."